2029இல் பூமியை நெருங்கும் அபோபிஸ் சிறுகோள்: மோதல் அபாயம் நீங்கியது எப்படி?

வரும 2029ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஏறத்தாழ 340 மீட்டர் சராசரி விட்டம் கொண்ட அபோபிஸ் என்ற சிறுகோள் பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லவுள்ளது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கும் வானிலைக் கண்காணிப்புக்கும் பயன்படும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இயங்குகின்றன. அவற்றைக் காட்டிலும் நெருக்கமாக இந்தப் பாறை வரும். இந்த அளவுள்ள ஒரு சிறுகோள் இவ்வளவு அருகில் கடப்பது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே நிகழும் என விஞ்ஞானிகள் மதிப்பிட்டுள்ளனர்.

இந்த நிகழ்வால் பூமிக்கு எவ்வித ஆபத்தும் இல்லை. அடுத்த 100 ஆண்டுகளுக்கேனும் அபோபிஸ் பூமியின் மீது மோதாது என்று அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் அறிவித்தது. ஆனால், 2004ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் இதே சிறுகோள் 2029இல் பூமியின் மீது மோதுவதற்கு 37இல் 1 என்ற அளவுக்கு வாய்ப்பு இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் சிறுகோளின் பாதையை யாரும் மாற்றவில்லை. அப்பாதையைப் பற்றிய மனிதர்களின் அறிவுதான் மாறியது.

கண்டுபிடிப்பும் தவறவிட்ட ஆறு மாதங்களும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள கிட் பீக் வானாய்வகத்தில் 2004ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி ராய் டக்கர், டேவிட் தோலன், ஃபாப்ரிசியோ பெர்னார்டி ஆகிய மூன்று வானியலாளர்கள் இந்தச் சிறுகோளை முதலில் கண்டறிந்தனர். இரண்டு இரவுகள் மட்டுமே அதனைப் பார்க்க முடிந்தது. அதன்பின் தொடர்ந்து கண்காணிக்க இயலாமல் போனதால், பாதையை உறுதியாகக் கணிக்கப் போதிய தரவுகள் கிடைக்கவில்லை.

ஆறு மாதங்களுக்குப் பிறகு, டிசம்பர் 18ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் வானாய்வகத்திலிருந்து கார்டன் கராட் ஒரு சிறுகோளைக் கண்டார். அது ஜூன் மாதம் காணப்பட்ட அதே பொருள்தான் என்பது விரைவில் தெரியவந்தது. இரு காலகட்டத் தரவுகளையும் இணைத்துக் கணக்கிட்டபோது, 2029 ஏப்ரல் 13ஆம் தேதி பூமியுடன் மோதுவதற்கான வாய்ப்பு பூஜ்யமாக இல்லை என்பது புலப்பட்டது. அதையடுத்த நாள்களில் அந்த எண் தொடர்ந்து உயர்ந்தது. டிசம்பர் 27ஆம் தேதி அது 2.7 சதவீதத்தை எட்டியது.

சிறுகோள் மோதல் அபாயத்தைப் பொதுமக்களுக்கு எளிதில் உணர்த்த 0 முதல் 10 வரையிலான டொரினோ அளவுகோலை விஞ்ஞானிகள் பயன்படுத்துகின்றனர். அதில் அபோபிஸ் 4ஆம் நிலையை எட்டியது. இன்றுவரை வேறெந்தச் சிறுகோளும் அந்த நிலையைத் தொட்டதில்லை.

இருப்பினும் அச்செய்தி அன்றைய நாளிதழ்களில் பெரிய அளவில் இடம்பெறவில்லை. அதற்கு முந்தைய நாளான டிசம்பர் 26ஆம் தேதிதான் இந்தியப் பெருங்கடலில் எழுந்த சுனாமி, தமிழகக் கடலோரம் உள்பட பல நாடுகளின் கரைகளைத் தாக்கிப் பேரழிவை ஏற்படுத்தியிருந்தது. உலகின் கவனம் முழுவதும் அதன் மீதே இருந்தது.

அச்சத்தை நீக்கிய பழைய படம்

அபோபிஸ் குறித்த அச்சம் நீண்ட நாள்கள் நீடிக்கவில்லை. அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஸ்பேஸ்வாட்ச் திட்டத்தினர் தங்களது பழைய படங்களை மீண்டும் அலசினர். அதிகாரபூர்வமாகக் கண்டறியப்படுவதற்கு மூன்று மாதங்கள் முன்னதாக, 2004 மார்ச் 15ஆம் தேதி எடுக்கப்பட்டிருந்த படங்களில் அபோபிஸ் மிக மங்கலாகப் பதிவாகியிருந்தது. அப்போது அதனை எவரும் கவனித்திருக்கவில்லை.

அந்தப் பழைய தரவைச் சேர்த்ததும் கண்காணிப்புக் காலம் நீண்டது. பாதைக் கணிப்பு துல்லியமடைந்தது. 2029 மோதல் வாய்ப்பு 2.7 சதவீதத்தை எட்டிய அதே டிசம்பர் 27ஆம் தேதியன்றே அந்த வாய்ப்பு நிராகரிக்கப்பட்டது.

2004 எம்என்4 என்ற தற்காலிகக் குறியீட்டால் அறியப்பட்ட இந்தச் சிறுகோளுக்கு 99942 என்ற நிரந்தர எண்ணும், 2005 ஜூலையில் அபோபிஸ் என்ற பெயரும் வழங்கப்பட்டன. எகிப்தியத் தொன்மத்தில் சூரியக் கடவுளான ராவின் பகையாகக் கூறப்படும் பாம்பின் கிரேக்கப் பெயர் இதுவாகும்.

பாதை எத்தகையது?

சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான சராசரித் தொலைவு சுமார் 15 கோடி கிலோமீட்டர். இது ஒரு வானியல் அலகு எனப்படுகிறது. சூரியனைச் சுற்றும்போது 1.3 வானியல் அலகுக்குள் வரும் சிறுகோள்கள் அனைத்தும் பூமிக்கு அருகிலுள்ள சிறுகோள்கள் என வகைப்படுத்தப்படுகின்றன.

அபோபிஸின் பாதை நீள்வட்ட வடிவிலானது. சூரியனை மிக நெருங்கும்போது அது சுமார் 0.75 வானியல் அலகு தொலைவில், அதாவது வெள்ளிக் கோளின் பாதைக்குச் சற்று வெளியே இருக்கும். மிக விலகியிருக்கும்போது சுமார் 1.1 வானியல் அலகு தொலைவில், பூமியின் பாதைக்கு வெளியே இருக்கும். சராசரித் தொலைவு 0.92 வானியல் அலகு. ஒருமுறை சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 324 நாள்கள் ஆகின்றன. பூமியின் பாதைத் தளத்துக்கு இதன் பாதை சுமார் 3.3 டிகிரி மட்டுமே சாய்ந்துள்ளது.

சராசரியாகப் பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் இருந்தபடி, பூமியின் பாதையைக் குறுக்கிடும் இத்தகைய சிறுகோள்கள் ஏட்டன் வகை எனப்படுகின்றன. பூமியைவிடக் கூடுதல் சராசரித் தொலைவில் இருந்து குறுக்கிடுபவை அப்பல்லோ வகையைச் சேர்ந்தவை.

பாதைகள் குறுக்கிடுவதால் மட்டும் மோதல் நேர்ந்துவிடாது. சாலையும் தண்டவாளமும் சந்திக்கும் லெவல் கிராசிங்கை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். ரயிலும் வாகனமும் ஒரே நேரத்தில் அவ்விடத்துக்கு வந்தால்தான் விபத்து. பூமி நொடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. தன் விட்டத்தின் அளவான 12,700 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஏழு நிமிடங்களே போதும். எனவே குறிப்பிட்ட இடத்துக்குச் சிறுகோள் சில நிமிடங்கள் முந்தியோ பிந்தியோ வந்தாலும் மோதல் தவிர்ந்துவிடும்.

ஆகவே, எந்த இடத்தில் என்பதைவிட எந்த நேரத்தில் என்பதே விஞ்ஞானிகள் விடை காண வேண்டிய கடினமான கேள்வி. 2004க்கும் 2029க்கும் இடையே அபோபிஸ் 28 முறை சூரியனைச் சுற்றுகிறது. ஒரு சுற்றின் காலத்தைக் கணிப்பதில் ஒரு நிமிடம் பிழை நேர்ந்தால், 2029இல் அது 28 நிமிடப் பிழையாகப் பெருகும். அந்த நேரத்துக்குள் பூமி 50,000 கிலோமீட்டர் நகர்ந்துவிடும்.

அபாய எண் உயர்ந்து வீழ்வது ஏன்?

புதிதாகக் கண்டறியப்படும் சிறுகோளின் மோதல் வாய்ப்பு முதலில் உயர்வதும், பின்னர் திடீரெனச் சரிவதும் பொதுமக்களிடையே குழப்பத்தை ஏற்படுத்துவது வழக்கம். தகவல் மறைக்கப்படுகிறதோ என்ற ஐயமும் சிலரிடம் எழுகிறது. உண்மையில் இது கணக்கீட்டின் இயல்பான போக்கே ஆகும்.

தொடக்கத்தில் தரவுகள் குறைவாக இருப்பதால், எதிர்காலத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் அச்சிறுகோள் இருக்கக்கூடிய இடம் ஒரு நீண்ட பட்டையாகவே கிடைக்கிறது. எளிமைக்காக அந்தப் பட்டையின் நீளம் பூமியின் விட்டத்தைப் போல் 100 மடங்கு எனவும், அதற்குள் ஓரிடத்தில் பூமி இருப்பதாகவும் கொள்வோம். அப்போது மோதல் வாய்ப்பு 100இல் 1. புதிய தரவுகள் கிடைத்துப் பட்டை 37 மடங்காகச் சுருங்கும்போதும் பூமி அதற்குள்ளேயே இருந்தால், வாய்ப்பு 37இல் 1 ஆக உயர்ந்துவிடுகிறது. சிறுகோள் நெருங்கி வரவில்லை, பட்டைதான் சுருங்கியுள்ளது. மேலும் சுருங்கும்போது பூமி பட்டைக்கு வெளியே சென்றுவிட்டால் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும்.

இதே போக்கு அண்மையிலும் காணப்பட்டது. 2024 டிசம்பர் 27ஆம் தேதி சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி மூலம் கண்டறியப்பட்ட 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள், 2032 டிசம்பரில் பூமியுடன் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18ஆம் தேதி 3.1 சதவீதமாகக் கணிக்கப்பட்டது. சதவீத அளவில் அது அபோபிஸையும் மிஞ்சியது. ஆனால் சுமார் 60 மீட்டர் அளவே கொண்டது என்பதால், டொரினோ அளவுகோலில் 3ஆம் நிலையைத் தாண்டவில்லை. ஒரே வாரத்துக்குள், கூடுதல் கண்காணிப்புகளின் விளைவாக, பூமிக்கான அபாயம் நீங்கியதாக அறிவிக்கப்பட்டது.

600 மீட்டர் சாவித்துளை

2029 அபாயம் நீங்கிய பின்னரும் அபோபிஸ் பற்றிய கவலை முற்றிலும் தீரவில்லை. பூமியை அவ்வளவு நெருக்கமாகக் கடக்கும்போது, பூமியின் ஈர்ப்பு விசை சிறுகோளின் பாதையை வளைத்துவிடும். எவ்வளவு வளையும் என்பது அது எந்தத் தொலைவில் கடக்கிறது என்பதைப் பொறுத்தது.

2029இல் விண்வெளியின் ஒரு குறிப்பிட்ட சிறு பகுதி வழியாக அது கடந்தால், அதன் பின் ஏழு ஆண்டுகளில் சரியாக ஆறு முறை சூரியனைச் சுற்றிவிட்டு, 2036 ஏப்ரலில் பூமி இருக்கும் இடத்துக்கே திரும்பி வந்து மோதக்கூடும் எனக் கணக்கிடப்பட்டது. இத்தகைய பகுதியை விஞ்ஞானிகள் சாவித்துளை என அழைக்கின்றனர். 2036க்கான சாவித்துளையின் அகலம் சுமார் 600 மீட்டர் மட்டுமே. கோடிக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் 600 மீட்டரைத் துல்லியமாக அறிய வேண்டிய சவால் அப்போது எழுந்தது.

அதில் சூரிய ஒளியும் குறுக்கிட்டது. வெயிலில் சூடேறும் சிறுகோளின் மேற்பரப்பு, சுழற்சியால் வேறு திசைக்குத் திரும்பிய பின் அந்த வெப்பத்தை வெளியிடுகிறது. அதனால் ஏற்படும் மிகச் சிறிய உந்துதல் பாதையை மெல்ல மாற்றுகிறது. இது யார்கோவ்ஸ்கி விளைவு எனப்படுகிறது. இதனால் அபோபிஸ் ஆண்டுக்கு சுமார் 170 மீட்டர் விலகுவதை, அதனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான டேவிட் தோலன் இடம்பெற்ற ஹவாய் பல்கலைக்கழகக் குழு 2020ஆம் ஆண்டு அறிவித்தது. 170 மீட்டர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பல பத்தாண்டுகளில் சேரும்போது, சாவித்துளைக்குள் நுழைவதா விலகுவதா என்பதைத் தீர்மானிக்க அதுவே போதுமானது. அதனால் 2068ஆம் ஆண்டுக்கான மிகச் சிறிய மோதல் வாய்ப்பு தொடர்ந்து பட்டியலில் இருந்தது.

இறுதித் தீர்ப்பு 2021 மார்ச் மாதம் கிடைத்தது. அப்போது அபோபிஸ் பூமியிலிருந்து சுமார் 1 கோடியே 70 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. கலிஃபோர்னியாவில் உள்ள கோல்டுஸ்டோன் நிலையத்தின் 70 மீட்டர் ஆன்டெனா ரேடார் அலைகளை அனுப்ப, மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கிரீன் பேங்க் தொலைநோக்கி எதிரொலியைப் பெற்றது. அத்தனை தொலைவிலிருந்தும் சிறுகோள் இருக்கும் இடம் சுமார் 150 மீட்டர் துல்லியத்துடன் அளவிடப்பட்டது. இதன் மூலம் 2029இல் அது எங்கிருக்கும் என்பதில் நிலவிய நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஐயம் ஒரு சில கிலோமீட்டராகக் குறைந்தது. 2068 மோதல் வாய்ப்பும் நீங்கியது. அபாயப் பட்டியலிலிருந்து அபோபிஸின் பெயர் அகற்றப்பட்டது.

2029 ஏப்ரலில் என்ன நிகழும்?

சர்வதேச நேரப்படி 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை இரவு 9.46 மணியளவில் அபோபிஸ் பூமிக்கு மிக அருகில் இருக்கும். இந்திய நேரப்படி இது ஏப்ரல் 14, சனிக்கிழமை அதிகாலை 3.16 மணி.

நாசாவின் கணிப்புப்படி, முதலில் ஆஸ்திரேலிய வானில் கிழக்கிலிருந்து மேற்காக நகரும் ஒளிப்புள்ளியாக அது தென்படும். பின்னர் இந்தியப் பெருங்கடலையும் ஆப்பிரிக்காவையும் கடந்து, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேல் இருக்கும்போது பூமியை மிக நெருங்கும். அதன் உச்ச ஒளிர்வு 3ஆம் நிலை விண்மீன் ஒன்றின் ஒளிர்வுக்கு ஏறக்குறைய இணையாக இருக்கும். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியாவின் சில பகுதிகள் ஆகியவற்றில் வானம் தெளிவாக இருந்தால் தொலைநோக்கி இன்றியே அதனைக் காணலாம்.

பூமியின் ஈர்ப்பு அபோபிஸின் பாதையை நிரந்தரமாக மாற்றிவிடும். சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவு 0.92 வானியல் அலகிலிருந்து சுமார் 1.1 ஆக உயரும். சூரியனைச் சுற்றும் காலம் 324 நாள்களிலிருந்து ஏறத்தாழ 14 மாதங்களாக நீளும். ஏட்டன் வகையிலிருந்து அப்பல்லோ வகைக்கு அது மாறும். அதன் சுழற்சியும் மாறக்கூடும். மேற்பரப்பில் சிறு சரிவுகள் நிகழவும் வாய்ப்புள்ளது.

இந்த மாற்றங்களை அருகிலிருந்தே காண விண்கலங்கள் தயாராகின்றன. பென்னு சிறுகோளின் மண் மாதிரியை 2023 செப்டம்பரில் பூமியில் சேர்ப்பித்த நாசாவின் விண்கலம், ஒசைரிஸ்-அபெக்ஸ் என்ற புதிய பெயருடன் அபோபிஸை நோக்கித் திருப்பிவிடப்பட்டுள்ளது. பூமியை அபோபிஸ் கடந்த பின் அது சிறுகோளை அடைந்து ஆய்வு செய்யும். ஐரோப்பிய விண்வெளி முகமை, ஜப்பானின் ஜாக்சா அமைப்புடன் இணைந்து செயல்படுத்தும் ராம்செஸ் திட்டத்தின்படி, 2028ஆம் ஆண்டு ஏவப்படும் விண்கலம் 2029 பிப்ரவரியில், அதாவது நெருக்கத்துக்கு முன்பே, அபோபிஸை அடைய வேண்டும். இதன் மூலம் பூமி ஈர்ப்பின் தாக்கத்துக்கு முன்னும் பின்னும் சிறுகோள் எவ்வாறு இருந்தது என ஒப்பிட இயலும்.

2029ஆம் ஆண்டை சிறுகோள் விழிப்புணர்வு மற்றும் கோள் பாதுகாப்புக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்துள்ளது.

இந்தியாவும் சிறுகோள்களும்

சிறுகோள் மோதலின் அடையாளம் இந்தியாவிலேயே உள்ளது. மகாராஷ்டிர மாநிலம் புல்டாணா மாவட்டத்தில் உள்ள லோனார் ஏரி, விண்ணிலிருந்து வந்த ஒரு பொருள் எரிமலைப் பாறைப் பரப்பின் மீது மோதியதால் உருவான பள்ளமாகும். அதன் விட்டம் சுமார் 1.8 கிலோமீட்டர்.

கண்காணிப்பிலும் இந்தியாவின் பங்கு உண்டு. 2020 ஆகஸ்ட் 16ஆம் தேதி பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 2,950 கிலோமீட்டர் உயரத்தில் கடந்த 2020 கியூஜி என்ற சிறிய சிறுகோளை, அமெரிக்காவின் பாலோமர் வானாய்வகத் தொலைநோக்கியின் தரவுகளை ஆராய்ந்து கண்டறிந்தவர்கள் மும்பை ஐஐடி மாணவர்கள். லடாக்கின் ஹன்லேயில் இயங்கும் குரோத்-இந்தியா தொலைநோக்கியும் பூமிக்கு அருகிலுள்ள சிறுகோள்களைப் பின்தொடர்கிறது. இஸ்ரோ 2024 ஜூலையில் பெங்களூருவில் கோள் பாதுகாப்பு குறித்த பயிலரங்கை நடத்தியது. அபோபிஸ் போன்ற சிறுகோள்களுக்கான பயணங்களில் இந்தியாவும் பங்கேற்க வேண்டும் என்ற கருத்தை அப்போதைய இஸ்ரோ தலைவர் எஸ். சோமநாத் முன்வைத்தார்.

கண்டறியப்படாதவையே கவலை

பூமிக்கு அருகிலுள்ள சிறுகோள்களில் 40,000க்கும் மேற்பட்டவை இதுவரை கண்டறியப்பட்டுள்ளன. ஒரு கிலோமீட்டருக்கும் பெரியவற்றில் பெரும்பாலானவை அறியப்பட்டுவிட்டன. ஆனால் 140 மீட்டருக்கு மேற்பட்ட அளவுடையவற்றில் பாதிக்கும் குறைவானவையே கண்டறியப்பட்டுள்ளதாக மதிப்பிடப்படுகிறது. ஒரு பெரு நகரத்தையோ அதைச் சுற்றியுள்ள பகுதியையோ அழிக்கப் போதுமான அளவு இது.

அதனினும் மிகச் சிறியவையும் தீங்கு விளைவிக்கக்கூடும். 2013 பிப்ரவரி 15ஆம் தேதி ரஷியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் வெடித்த சுமார் 20 மீட்டர் பொருளை முன்கூட்டியே எவரும் கண்டறியவில்லை. சூரியன் இருந்த திசையிலிருந்து அது வந்ததே காரணம். அதன் அதிர்வலையில் நொறுங்கிய கண்ணாடிகள் உள்ளிட்டவற்றால் சுமார் 1,500 பேர் காயமடைந்தனர்.

முன்கூட்டியே தெரிந்தால் திசைமாற்ற இயலும் என்பதற்கும் சான்று உள்ளது. 2022 செப்டம்பர் 26ஆம் தேதி நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அளவுள்ள டைமார்ஃபஸ் சிறுகோள் மீது வேண்டுமென்றே மோதியது. தனது பெரிய துணைச் சிறுகோளை அது சுற்றிவரும் காலம் அரை மணி நேரத்துக்கும் மேல் குறைந்தது. எனினும் இத்தகைய முயற்சிக்குப் பல ஆண்டு கால அவகாசம் தேவை. அந்த அவகாசத்தை முன்கூட்டிய கண்டறிதலும் துல்லியமான பாதைக் கணிப்பும் மட்டுமே வழங்க முடியும்.

அபோபிஸ் விஷயத்தில் அச்சத்தை உருவாக்கியதும் நீக்கியதும் தொடர்ச்சியான கண்காணிப்பே. 2004 மார்ச்சில் எடுக்கப்பட்ட ஒரு மங்கலான படம் பாதுகாக்கப்படாமல் போயிருந்தால், 37இல் 1 என்ற எண் இன்னும் நீண்ட காலம் உலகை அலைக்கழித்திருக்கும்.

அபோபிஸ்: ஒரு பார்வை

நிரந்தர எண்: 99942

கண்டறியப்பட்ட நாள்: 2004 ஜூன் 19

சராசரி விட்டம்: சுமார் 340 மீட்டர்

தற்போது சூரியனைச் சுற்றும் காலம்: சுமார் 324 நாள்கள்

பூமியை மிக நெருங்கும் நேரம்: 2029 ஏப்ரல் 14, அதிகாலை 3.16 மணி (இந்திய நேரம்)

மேற்பரப்பிலிருந்து தொலைவு: சுமார் 32,000 கிலோமீட்டர்

மோதல் அபாயம்: அடுத்த 100 ஆண்டுகளுக்கேனும் இல்லை (2021 மார்ச் அறிவிப்பு)